காத்திருப்பதுதான் அண்ணியின் வேலை

என் அண்ணி வேலையிலிருந்து வந்தால் உடனே செருப்பைக் கழற்ற மாட்டாள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அதில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், குடிக்க மறந்துபோவாள்.

"என்ன அண்ணி, செங்கல் சுமந்துட்டு வந்தீங்களா?" என்று கேட்பேன்.

"செங்கல்னா தேவலையே. கொண்டுபோய் இறக்கி வச்சுட்டு வந்துடலாம்" என்பாள்.

அவள் எதையும் சுமப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவள் செய்கிற வேலை, பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதற்காகவே வருஷக்கணக்கில் படித்துவிட்டு வந்தவள். சும்மா இருப்பது இவ்வளவு அலுப்பைக் கொடுக்கும் என்று நானும் ஆரம்பத்தில் நம்பவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். நான் வாசலில் டோக்கன் கொடுக்கிற ஜன்னலில். அண்ணி அதே தாழ்வாரத்தின் கடைசி அறையில். அந்த அறைக்கு மேலே 'தொழில்வழிச் சிகிச்சை' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். யார் வைத்த பெயரோ, என் உயிரை வாங்குகிறது. ஒருமுறை ஒரு பெரியவர் மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, "படிப்பை முடிச்சுட்டு வீட்ல சும்மா இருக்கான்மா, இங்க ஏதாவது தொழில் பார்த்துக் கொடுப்பீங்களாமே" என்றார். நான் சிரிக்கவில்லை. வரிசை தெரு வரைக்கும் நின்றது.

இப்போது யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்கிறேன். "பக்கவாதம் வந்தவங்க, அடிபட்டவங்க, பொறந்ததுலேர்ந்தே கை சரியா வராத பிள்ளைங்க, வயசானவங்க, எல்லாரும் அவங்கவங்க காரியத்தை அவங்கவங்களே பார்த்துக்கப் பழக்குற இடம். சட்டை போடுறது, பல் தேய்க்கிறது, பேனா பிடிக்கிறது, இந்த மாதிரி."

"இதுக்கெல்லாமா ஒரு டாக்டர்?" என்பார்கள். உங்களுக்கு அந்த நாள் வராமலே இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு டோக்கனைக் கிழித்துக் கொடுப்பேன்.

அண்ணியின் அறைக்குள் போனால் ஏதோ பாதியில் நின்றுபோன வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும். ஒரு மூலையில் அடுப்பு, தொட்டி, குழாய். இன்னொரு மூலையில் கட்டில். நடுவில் எங்கேயும் போகாத நாலு படிக்கட்டு. சுவரில் ஒரு பலகை. அதில் தாழ்ப்பாள், பூட்டு, கொக்கி, சுவிட்ச் என்று கைக்கு வேலை கொடுக்கிற சாமான்கள் எல்லாம் அறையப்பட்டிருக்கும். கடைசிச் சுவரோரம் ஒரு பெஞ்சு. கூட வருகிற உறவுக்காரர்கள் அதில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். எழுந்தால் தொலைந்தார்கள்.

சண்டையெல்லாம் அந்தப் பெஞ்சோடுதான். நோயாளிகளோடு அண்ணி சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. முதல் வகுப்புப் படிக்கிற பெண்குழந்தை ஒன்று வரும். பென்சிலை எழுதுகிற மாதிரி பிடிக்க வராது, குத்துகிற மாதிரிதான் பிடிக்கும். அதன் அம்மா வீட்டுப் பாடத்தைத் தானே இடது கையால் கோணல்மாணலாக எழுதி அனுப்பி, டீச்சரிடம் மாட்டிக்கொண்டவள். அந்தக் குழந்தையை அண்ணி எழுதவே விடவில்லை. மாவைப் பிசைய விட்டாள், துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்ட விட்டாள். "இதைக் கத்துக்கவா இவ்வளவு தூரம் வர்றோம்?" என்று அந்த அம்மா என் ஜன்னலில் வந்து பொரிந்துவிட்டுப் போனாள். இன்னொருவன், அச்சு இயந்திரத்தில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்தவன். வேலைக்குத் திரும்புவதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைக்குழந்தையைத் தனியாகத் தூக்க வருமா என்றுதான் கேட்டான். அண்ணி அரிசி மூட்டையைத் துணியில் சுற்றிக் கொடுத்து, தூக்கு, இறக்கு, தோளில் சாய் என்று மாதக்கணக்கில் பழக்கினாள். அந்த மூட்டையை அவன் தட்டிக் கொடுத்துத் தூங்க வைப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

இவர்களுக்கு நடுவில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா. இடுப்பு எலும்பு முறிந்து தேறியவர். அவருக்கு ஒரே ஒரு ஆசை, கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர வேண்டும். "மத்ததெல்லாம் நீங்களே வச்சுக்குங்க" என்று அண்ணியிடம் சொன்னாராம். அவர் கட்டிலிலிருந்து எழத் திணறியபோது மகன் பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்து அக்குளில் கைகொடுத்தான். அண்ணி போட்ட சத்தம் என் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"உட்காருங்க சார்! நீங்க ஒரு தடவை தூக்கிவிட்டா, அவங்க ஒரு தடவை எழுந்திருக்காம போறாங்க. அவ்வளவுதான் கணக்கு."

அவளுக்கு ஆஸ்பத்திரியில் கல்நெஞ்சக்காரி என்று பெயர். வைத்தது அந்தப் பெஞ்சு.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மொட்டைமாடி மோட்டார் அறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. லிஃப்ட்டைச் சரிசெய்ய வந்தவனை, லிஃப்ட் ஓடாததால் படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இதை அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். பேச்சு மட்டும் பிழைத்துக்கொண்டது, அதனால் சிரிப்பும் பிழைத்துக்கொண்டது.

சொந்தக்காரர்களுக்குத் தாங்களே சிகிச்சை கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஆகவே அண்ணனை அண்ணி தொடவில்லை. அதே அறையில் வேலை செய்கிற இளையவள்தான் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளைச் சின்னவள் என்போம். அண்ணியிடம் தொழில் பழகியவள், அவளைவிடக் கறார். அண்ணன் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று கையை ஊன்றி எழுந்தான், சட்டையைத் தானே போட்டான், எங்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தான். பாதி டீ சாசரில் இருந்தது. குடித்தோம்.

அவர்கள் கீழ்வீட்டில், நான் மாடியில். எனக்குக் கட்டிக்கொண்டவன் கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது, வாய் மட்டும் உண்டு. அவர்களுடைய ஒரே மகள் வேறு ஊரில் தன் குடும்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். சாதுவான மனிதன். அண்ணனுக்கு ஊட்டிவிடுவான், பிறகு இருவருமாக டிவி பார்ப்பார்கள். அந்த ஆள்தான் போன மாதம் வந்து தலையைச் சொறிந்தான். தம்பியோடு கடை வைக்கப் போகிறானாம், மாதக் கடைசியோடு நின்றுகொள்வானாம்.

வேறு ஆள் தேடினோம். வந்தவர்களை அண்ணனுக்குப் பிடிக்கவில்லை, அண்ணனுக்குப் பிடித்தவர்களை எங்களுக்குப் பிடிக்கவில்லை. நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம். ஒரே வாரத்துல அண்ணனும் தங்கச்சியும் அடிச்சுக்குவீங்க" என்றாள் அண்ணி.

அப்படியானால் அவள்தான் விட வேண்டும். அந்த வேலை அவளைச் சக்கையாகப் பிழிகிறது, உண்மைதான். ஆனால் அதை எடுத்துவிட்டால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் குழந்தை பென்சில் பிடித்த அன்று, அது கிறுக்கிய காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் கொண்டுவந்து எனக்கும் அண்ணனுக்கும் காட்டியவள் அவள்.

"அவரால தனியா இருக்க முடியும்" என்று அண்ணி அடித்துச் சொன்னாள். "காலையில நான் கிளம்பினா சாயங்காலம் வந்துடுறேன். நடுவுல எழுந்து, உடுத்தி, ஏதாவது சூடு பண்ணிக் குடிச்சு, பாத்ரூம் போய்ட்டு வரணும். அவ்வளவுதானே? வீட்டுக்கு வந்தப்பவே எல்லாம் பண்ணாரே. சின்னவளை வந்து பார்க்கச் சொல்றேன். அவ சரின்னா சரி."

அப்படிப் பார்ப்பதும் அவர்கள் வேலையில் ஒரு பகுதி. வீட்டுக்கே வந்து, ஒருவர் தன் காலை நேரத்தைத் தானே ஓட்டுகிறாரா என்று பக்கத்தில் நின்று கவனிப்பார்கள். உதவ மாட்டார்கள், சொல்லித்தர மாட்டார்கள். சின்னவள் சரி என்றால் அண்ணி வேலையில் இருப்பாள். இல்லையென்றால் ராஜினாமாதான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் சின்னவள் வந்தாள். வந்தவுடன் அண்ணியைத்தான் முதலில் அடக்கினாள்.

"அக்கா, நீங்க இங்கேயே உட்காருங்க. உள்ளே வரக்கூடாது, குரல் கொடுக்கக்கூடாது. வீட்டுக்காரங்களுக்கு நீங்க சொல்ற அதே சட்டம்தான்."

அண்ணி அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். படுக்கையறைக் கதவு திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது.

அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். சின்னவள் துவைத்த சட்டையை எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, "எங்கேயோ வெளியே கிளம்பப் போறீங்கன்னு வச்சுக்குங்க அண்ணா" என்று சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

அண்ணன் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சின்னவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சரியான கையால் விழுந்த கையைப் பிடித்து முன்னால் நீட்டினான். தோளைத் தளர்த்திக்கொண்டான். முகவாயை உயர்த்தி மின்விசிறியைப் பார்த்தபடி அப்படியே இருந்தான்.

யாரும் வரவில்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது. கழுத்துப் பட்டனைப் போட்டுவிடுகிற கைக்குத் தோதாக அவன் முகவாயைத் தூக்கி வைத்திருந்தான். தினமும் காலையில் நான் மாடியிலிருந்து இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிற காட்சிதான். அண்ணி ஒரு தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு, வாயில் ஹேர்ப்பின்னைக் கடித்துக்கொண்டு, பஸ் போய்விடுமே என்று படபடவென்று அவனுக்குப் பட்டன் போட்டுவிட்டு ஓடுவாள். இத்தனை நாள் பார்த்தும் எனக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பெருமைகூடப் பேசியிருக்கிறேன்.

மீதியும் அப்படியே போனது. குளியலறையில் பிடித்துக்கொள்ள வைத்த கம்பியில் ஈரத் துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வழுக்காத விரிப்பு, தரை துடைக்க இடைஞ்சல் என்று சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தப்பட்டிருந்தது. ஒற்றைக் கையால் சாய்த்து ஊற்றத் தோதாகச் சின்னவள் கொடுத்த கெட்டில் தாங்கியில் மாத்திரை அட்டைகள் நிறைந்து கிடந்தன. டம்ளர்கள் எல்லாம் மேல் தட்டில். அண்ணிக்கு அதுதான் கைக்கு எட்டுகிற தட்டு. அண்ணன் சமையலறை நடுவில் தடியை ஊன்றிக்கொண்டு, யாரோ விசேஷத்துக்குக் கூப்பிட்ட வீட்டில் நிற்கிறவனைப் போல நின்றான். எதற்கு என்ன சாமான் வேண்டும் என்று தெரிந்து, ஒன்று விடாமல் வாங்கிப் பொருத்திய வீடு அது. பொருத்தியவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் அண்ணனின் வலக்கை விரல்களை மெதுவாக விரித்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் விரியவில்லை.

"போன தடவை நல்லா திறந்துச்சே" என்றாள் தனக்குள். பிறகு வெளியே வந்து அண்ணிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தாள். எல்லா வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வியை அவள் இங்கேயும் கேட்க வேண்டியிருந்தது. கேட்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"சட்டை யாருக்கா போட்டு விடுறது?"

"நான்தான்."

"தினமுமா?"

"தினமும்தான்."

அண்ணிதான் தொடர்ந்தாள். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. வற்றிப்போயிருந்தது.

"அங்க பகல் பூரா காத்திருக்கேன். ஒவ்வொருத்தரும் ஒரு தாழ்ப்பாளைத் திறக்குற வரைக்கும் காத்திருக்கேன். வீட்டுக்கு வந்தா, காத்திருக்க என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லை. எனக்குத் தெரியாதுன்னு இல்லை. தெரிஞ்சேதான் போட்டு விட்டேன். நாளையிலேர்ந்து விட்டுடலாம், நாளையிலேர்ந்து விட்டுடலாம்னு."

உள்ளேயிருந்து அண்ணன் பேசினான். அவன் கேட்டுக்கொண்டிருப்பான் என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை.

"அவளைத் திட்டாதேம்மா. நான்தான் கையை நீட்டினேன். முதல்ல அவ நின்னு பார்த்தா. எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. அவ நிக்க முடியாம சுவத்துல சாய்ஞ்சுட்டா. அப்பதான் நினைச்சேன், நான் கையை நீட்டிட்டா சட்டுனு முடிஞ்சுடும், அவ கொஞ்சம் உட்காருவா. அவளுக்கு என்னால முடிஞ்ச உபகாரம் அது ஒண்ணுதானே."

அண்ணி அழவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியாததால் குளியலறைக்குப் போய்க் கம்பியில் கிடந்த துண்டுகளையெல்லாம் உருவிப் பக்கெட்டில் அடித்துப் போட்டேன். ஒருத்திக்கு அலுப்பு என்று ஒருவன் தன் கையையே விட்டுக்கொடுப்பானா? அதை ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்ல மாட்டானா? இவர்களோடு நானும் ஒரு கூரையின் கீழ் இருந்தேனே என்று ஆத்திரம் தாங்கவில்லை.

"இப்ப தனியா விட முடியாதுக்கா" என்றாள் சின்னவள். "இனிமே முடியவே முடியாதுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா கை இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா, அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அது உங்களுக்கே தெரியும்."

அண்ணி ராஜினாமா எழுதவில்லை. சேர்த்து வைத்திருந்த விடுப்பு முழுவதையும் எழுதிக் கொடுத்தாள். அது தீருவதற்குள் அண்ணன் தேறினால் வேலைக்குத் திரும்புவாள், இல்லையென்றால் அதோடு சரி. கடைசி அறையைச் சின்னவள் ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறாள். டீச்சரம்மா தினமும் என் ஜன்னலில் நின்று, "அந்தக் கல்நெஞ்சக்காரி எப்ப வருவா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

கணவனைப் பார்த்துக்கொள்ளப் பெண்டாட்டி லீவு போட்டிருக்கிறாள் என்று தெருவில் மெச்சினார்கள். அவள் லீவு போட்டது பார்த்துக்கொள்ளாமல் இருப்பதற்காக. அது அவர்களுக்குச் சொன்னால் புரியாது, நானும் சொல்லவில்லை. டம்ளர்கள் கீழ்த் தட்டுக்கு இறங்கின. கம்பியில் துண்டு போட்டால் நான் கத்தினேன்.

முதல் சில நாட்கள் நரகம். மாடியில் இருந்தபடியே எனக்கு எல்லாம் கேட்கும். "போட்டு விட்டுத் தொலையேன்!" என்று அண்ணன் கத்துவான். சட்டை தரையில் விழுகிற சத்தம் கேட்காது, ஆனால் அதன் பிறகு வருகிற அமைதி கேட்கும். ஒருநாள், "ஆஸ்பத்திரியில உனக்குச் சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க" என்றான். அண்ணி வாசலுக்கு வந்து நின்றாள். மாடிப்படியில் இறங்கிவந்த என்னைப் பார்த்து, "மத்தவங்க வீட்டுப் பிள்ளைங்கன்னா நின்னுடலாம். இவர் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியலடி" என்றாள். அவள் என்னை டி போட்டது அதுதான் முதல் தடவை. சேலைத் தலைப்போ கைக்குட்டையோ தேடாமல் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பி இறங்கியபோது கீழே ஒரு சத்தமும் இல்லை. சண்டை இல்லாதது எனக்குத் திக்கென்றது. செருப்போடு உள்ளே ஓடினேன்.

கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, லேசான குறட்டையோடு நல்ல தூக்கம். காத்திருந்தபடியே தூங்கிப்போயிருக்கிறாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, குனிந்து, சட்டையோடு போராடிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து ஆரம்பித்திருந்தான். ஒரு பட்டன் தப்பான துளையில் ஏறி, சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. விழுந்த கையின் கட்டைவிரல் சட்டையின் ஓரத்தைக் கல்லை வைத்து அழுத்திய மாதிரி அழுத்திப் பிடித்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சரியான கையின் விரலை உதட்டில் வைத்தான்.

"கத்தாதே" என்றான் கிசுகிசுப்பாக. "மேல இன்னும் ரெண்டு இருக்கு. அவ முழிச்சுட்டா போட்டு விட்டுடுவா."